இசைவாணி தின்ற ஈசல்

கறையானின் மூளையை ஆராய்ச்சி செய்கிறேன் என்று யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பது இசைவாணிக்கு மனப்பாடம். "எங்க வூட்டு நிலப்படியில கறையான் ஏறிப்போச்சு. அதுக்கு இன்னா மருந்து அடிக்கலாம்?" திண்டிவனத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் கேட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். விழுப்புரத்தில் அவள் கௌரவ விரிவுரையாளராக விலங்கியல் நடத்துகிற கல்லூரியின் முதல்வரே ஒருமுறை ஆள் அனுப்பி அழைத்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது ஒரு மனுஷன் விசாரிக்கிறாரே என்று படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் தன் அறையில் இருந்த மர பீரோவைத் திறந்து, செல்லரித்த கோப்புகளைக் காட்டி, "இத கொஞ்சம் பாரும்மா" என்றார்.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம். அவள் புருஷன் சேரன் வேலை பார்ப்பது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில். கறையான் மருந்து விற்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. "எங்க வூட்டுக்காரம்மா கறையானுக்கே டாக்டர் பட்டம் வாங்கப்போறாங்க சார்" என்று சொல்லியே ஒரு டப்பா கேட்டவரிடம் இரண்டு டப்பாவைத் தள்ளிவிடுவான். தங்கமான மனுஷன்தான். ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் உண்மையில் பார்ப்பது வேறு. ஒரு புற்றுக்குள்ளே வேலைக்காரக் கறையான் உண்டு, சிப்பாய்க் கறையான் உண்டு, முட்டை போட்டுக்கொண்டே கிடக்கிற ராணி உண்டு, மழைக்காலத்தில் இறக்கை முளைத்து வெளியே கிளம்புகிற ஈசல் உண்டு. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தலையைத் திறந்து பார்த்தால் மட்டும் ஒவ்வொன்றின் மூளையும் ஒரு தினுசு. வேலைக்காரனுக்குக் கண்ணே கிடையாது. இருட்டில் பிறந்து இருட்டில் சாகிறதுக்குக் கண் எதற்கு? பார்வைக்கான பகுதி அதன் மூளையில் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். மோப்பத்துக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதி நன்றாக வளர்ந்திருக்கும். சிப்பாய்க்குத் தலை என்னவோ பெரிய தலை. உள்ளே முக்கால்வாசி தாடைச் சதைதான். கடிப்பதற்கான நரம்புகள் தடித்து நிற்க, மூளை ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். இதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் இசைவாணிக்கு முதல்வர் முகம் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

ஈசலுக்கு மட்டும்தான் இரண்டு நல்ல கண்களும், அந்தக் கண்ணுக்கேற்ற மூளையும். அதுவும் ஒரு சாயங்காலத்துக்கு. பறந்து கீழே இறங்கி, இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு, ஜோடியோடு மண்ணுக்குள் போய்விட்டால் அப்புறம் ஆயுசு முழுக்க இருட்டு. அந்த இருட்டில், பார்ப்பதற்கென்று இருந்த மூளைப் பகுதி என்ன ஆகிறது? சுருங்குகிறதா? அப்படியானால் எவ்வளவு சீக்கிரம்? இதுதான் இசைவாணியின் கேள்வி. கடுகளவு தலைக்குள் இதைத் தேடித்தான் அவள் கண்ணாடியின் பவர் வருஷத்துக்கு வருஷம் ஏறியது.

இதில் அவளுக்கு எரிச்சல் மூட்டுவதற்கென்றே ஊரில் எல்லோரும் ஓர் உவமை வைத்திருந்தார்கள். அவள் வழிகாட்டி பேராசிரியர் வெங்கடாசலம், துறைக் கருத்தரங்கில் அவள் படம் போட்டு விளக்கி முடித்ததும், "அதாவது நம்ம வூட்டுப் பொம்பளைங்க மாதிரி, கல்யாணம் ஆனதும் இறக்கை போயிடுது" என்றார். அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கறையானைக் கறையானாகப் பார்க்க இந்த நாட்டில் ஒருத்தருக்கும் வராதா என்று மேடையிலிருந்து இறங்கும்போதே முணுமுணுத்தாள்.

கொல்லைக்காரர் பெரியதம்பிக்கும் ஓர் உவமை இருந்தது. அவள் வருஷக்கணக்காகக் கறையான் எடுக்கிற புற்று, பெருமுக்கல் பக்கத்தில் அவருடைய நிலக்கடலைக் கொல்லையின் ஓரத்தில்தான் இருந்தது. அந்தக் கொல்லையில் களை எடுத்து, மல்லாட்டை ஆய்ந்துதான் இசைவாணியின் அம்மா குப்பம்மாள் அவளைப் படிக்க வைத்தாள். புத்தகத்தில் இந்தப் பூச்சிப் பிரிவுகளுக்குச் சாதி என்றே பெயர் போட்டிருக்கிறார்கள் என்பது எப்படியோ பெரியதம்பி காதுக்குப் போயிருந்தது. ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு, பார்த்தாயா, கறையானுக்கே இருக்கிறது, அதது அதது வேலையைச் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். இசைவாணி கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் ஒரே தாய் வயித்து முட்டைங்க. முட்டையில ஒரு வித்தியாசமும் கெடையாது. இன்னா ஊட்டினாங்க, எப்படி வளத்தாங்கன்றதுதான் மூளைய மாத்துது. நீங்க போயி மோட்டார நிறுத்துங்க, தண்ணி வீணாப் போவுது."

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் புற்றில் கை வைக்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வேலைக்காரன் ஆயிற்று, சிப்பாய் ஆயிற்று, ராணி ஆயிற்று. இறக்கையோடு இருக்கிற ஈசலும் போன வருஷம்தான் ஒருவழியாக ஆயிற்று. மிச்சம் இருந்தது இறக்கை உதிர்த்த ஈசல் மட்டும். அதை அதே புற்றிலிருந்து பிடித்து, இருட்டில் உயிரோடு வைத்திருந்து, சில வாரம் கழித்து மூளையைப் பார்க்க வேண்டும். ஈசலோ இவள் சௌகரியம் பார்த்துக் கிளம்புகிற ஜீவன் இல்லை. ஒரு வருஷம் அது கிளம்பிய சாயங்காலம் அவள் விழுப்புரத்தில் தேர்வுக் கண்காணிப்பில் மாட்டிக்கொண்டாள். இன்னொரு வருஷம் இறக்கையோடு பிடித்து வைத்ததெல்லாம் பூஞ்சணம் பூத்துச் செத்தது. பல்கலைக்கழகம் கொடுத்த நீட்டிப்பெல்லாம் தீர்ந்து, இந்த வருஷக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று வெங்கடாசலம் சொல்லிவிட்டார். அந்த மூளைப் படம் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். பட்டம் இல்லையென்றால் காலம் பூராவும் கௌரவ விரிவுரையாளர்தான். அந்தப் பெயரில் கௌரவம் இருக்கிறதே தவிர வேலையில் கிடையாது.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் குப்பம்மாள் போன் செய்தாள். "வாணி, வானம் கருக்கினு நிக்குது. புழுக்கம் தாங்கல. இன்னைக்கிக் கெளம்பும்போல இருக்குதுடி." மறுநாள் கல்லூரிக்குத் தரம் பார்க்கிற குழு வருகிறது. அதற்கான கூட்டத்தில், வாசலில் பன்னீர்ச் செம்பு பிடிக்க யாரை நிறுத்துவது என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு இசைவாணி எழுந்தாள். போகிறபோக்கில் செம்பு அவள் தலையிலேயே விழுந்தது. சரி சரி என்று ஒப்புக்கொண்டு பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. தூறல் விழுந்தது. அவள் கண்டக்டரை முறைத்தாள், அவர் என்ன செய்வார் பாவம்.

திண்டிவனத்தில் சேரன் பைக்கோடு நின்றான். மழை விட்டு மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தபோது புற்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா ஏற்கனவே வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி, அதன் முன்னால் விளக்கை வைத்து, கீழே வழுவழுப்பான பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்திருந்தாள். ஊரில் மற்றவர்கள் தண்ணீர் ஊற்றின சட்டிதான் வைப்பார்கள். ஈசல் விழுந்து செத்து மிதக்கும், அள்ளி வறுக்கலாம். இசைவாணிக்கு உயிரோடு வேண்டும் என்பதால் குப்பம்மாள் வருஷா வருஷம் தண்ணீர் இல்லாத பக்கெட்டோடு வந்து ஊராரின் கேலியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

புற்றுக் கண்களிலிருந்து ஈசல் பொலபொலவென்று வந்தது. இசைவாணி வேட்டியடியில் குனிந்து, இறக்கையை உதிர்த்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற ஜோடிகளை மட்டும் பொறுக்கினாள். பெட்டையின் முதுகில் ஒரு புள்ளி ரோஸ் நிற நகப்பூச்சு வைத்தாள். திருவக்கரைக் கோயில் பௌர்ணமிக் கடையில் வாங்கிய நகப்பூச்சு; அது அவள் நகத்தில் ஏறின நாளே கிடையாது. ஜோடிகளை, சலித்து ஈரமாக்கிய புற்றுமண் போட்ட டப்பாக்களில் விட்டு மூடினாள். மற்றதெல்லாம் இறக்கையோடு பக்கெட்டுக்குள் மொய்த்தது.

மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. அந்த ரோட்டுக் குழியில் பைக்கில் டப்பாவோடு போனால் உள்ளே மண் சரிந்து எல்லாம் நசுங்கிவிடும். அம்மா வீட்டு முன்சாய்ப்பில் டப்பாக்களையும் பக்கெட்டையும் இறக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே இசைவாணி சொன்னாள்: "என்னுத மட்டும் பத்திரமா வெச்சிரும்மா. காலையில அவரு வந்து எடுத்துப்பாரு. மிச்சத்த நீ வறுத்துக்கோ." சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். எது என்னுது, எது மிச்சம் என்று கையை நீட்டிக் காட்ட அவளுக்குத் தோன்றவில்லை. டப்பாவில் போட்டு மூடி வைத்தது தன்னுடையது என்று கண் இருக்கிறவருக்குத் தெரியாதா?

மறுநாள் முழுக்கப் பன்னீர்ச் செம்போடு நின்றாள். குழு காலையில் வரவேண்டியது, மத்தியானத்துக்கு மேல் வந்தது. அதற்குள் செம்பை இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தது. சாப்பாடு வருகிறது வருகிறது என்றார்கள், வரவில்லை. குழுவில் ஒருவர் மட்டும் நின்று, என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். தன் பண்ணை வீட்டுக் கதவில் கறையான் என்றார்.

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பசியில் கண் இருட்டியது. சேரன் ஒரு தூக்குவாளியை நீட்டினான். "அத்தை குடுத்தாங்க, சூடா சாப்புடச் சொன்னாங்க. சூடு எப்பவோ போச்சு." திறந்தால் வறுத்த ஈசல். பொரியரிசி, மல்லாட்டை, கிள்ளிப் போட்ட மிளகாய், நல்லெண்ணெய் வாசம். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று, பை தோளில் தொங்க, கை கையாக அள்ளித் தின்றாள். நேற்றிலிருந்து அவளுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அம்மா வறுத்தால் வறுத்ததுதான், ஒரு இறக்கைத் துணுக்கு கூடப் பல்லில் படவில்லை என்று சேரனிடம் பாராட்டிச் சொன்னாள்.

சொன்ன பிறகுதான் கை நின்றது. எவ்வளவு புடைத்தாலும் ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டாமல் இருக்காதே. தூக்குவாளியை டீக்கடைக் குழல்விளக்கின் கீழே கொண்டுபோய்க் கிளறினாள். ஓர் ஈசலின் முதுகில், எண்ணெயில் பொரிந்து கருகினாலும் அடையாளம் தெரிகிறாற்போல, ஒரு ரோஸ் நிறப் புள்ளி.

"டப்பா எங்க?" என்றாள்.

டப்பா எதையும் அத்தை கொடுக்கவில்லையே என்றான் சேரன். பக்கெட்டைத்தான் காட்டினார்களாம், வண்டியில் குலுங்கினால் கெட்டுப்போகும், வாணியே வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நீங்க கேக்கலையா என்றாள். பெரியவங்க சொல்றாங்க, நான் இன்னாத்த கேக்கறது என்றான். அந்த இடத்திலேயே அவனைப் போட்டு நாலு சாத்து சாத்தலாம்போல இருந்தது. தொண்டைவரைக்கும் ஆய்வேடு நின்றது. பாதிக்குமேல் தின்றுவிட்டாள்.

பொழுது இறங்குவதற்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.  குப்பம்மாள் முன்சாய்ப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் இசைவாணிக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று. எத்தனை வருஷ உழைப்பு, எத்தனை பஸ், எத்தனை மழை, எல்லாவற்றையும் எண்ணெயில் போட்டு வறுத்துவிட்டாயே என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கடைசியில், ஆயுசுக்கும் அவள் சொல்லியிருக்கக் கூடாத ஒன்றையும் சொன்னாள்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா, இல்லையா?"

குப்பம்மாள் கவிழ்த்திருந்த ஒரு டப்பாவை நிமிர்த்தி வைத்தாள். சண்டைக்கு நிற்கிற குரலில் இல்லாமல், கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"ஒவ்வொரு வருஷமும் இன்னாடி சொன்ன? றெக்கையோட வேணும், றெக்கை உதுந்தா எனக்கு ஆவாதுன்னு சொன்ன. டப்பாவத் தொறந்தா ஒண்ணுத்துக்கும் றெக்கை இல்ல, மண்ணு கெட்டுப்போவாம இருக்கத்தான்னு வுட்டுட்டேன். மழையில வந்து, அம்மாவுக்கு வேலை வெக்கக் கூடாதுன்னு நீயே றெக்கைய ஆய்ஞ்சி வெச்சிட்டுப் போயிருக்கேன்னு நெனச்சேன். எம்மாம் சந்தோசமா வறுத்தேன் தெரியுமா?"

 ஈசலை வறுக்கும் முன் காயவைத்து, தேய்த்து, முறத்தில் புடைத்து இறக்கையை நீக்குவதுதான் பெரிய வேலை. இறக்கை நீக்கினது அடுப்புக்கு, இறக்கையோடு இருப்பது மகளின் படிப்புக்கு. அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். சொன்னது போன வருஷத்துச் சேதி என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கோபத்தை யார்மேல் இறக்குவது என்று தெரியாமல் இசைவாணி தன் மேலேயே எரிந்து விழுந்துகொண்டு நின்றாள். மழை இனியும் பெய்யும். இந்தப் புற்று மறுபடி ஈசல் விடுமா, விடுகிற நாளில் தனக்கு எந்தச் செம்பைக் கொடுத்து எந்த வாசலில் நிறுத்துவார்களோ, யார் கண்டது? அவளுக்கு அழுகை வந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் வந்தது.

"அந்தப் பக்கெட்ட எடு. அதையாவது குப்பியில போட்டுக்கறேன்" என்றாள்.

குப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் இசைவாணி கவனித்தாள்: வீட்டுப் பின்பக்கம் கோழிகள் இந்நேரத்துக்கும் அடையாமல் எதையோ கொத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

பின்னால் ஓடினாள். பக்கெட் சாய்ந்து கிடந்தது. பாதி ஈசல் கோழிக்குப் போயிருந்தது. ஈரத்துணி போர்த்திய மறுபாதி பக்கெட்டின் அடியில் இருந்தது; அதன்மேல் உதிர்ந்த இறக்கைகள் உமி மாதிரி குவிந்து கிடந்தன. பின்னாலேயே வந்த குப்பம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் கையே வெக்கலடி. காலையிலருந்து துணிய நனைச்சி நனைச்சிப் போட்டேன், உள்ளாரகூடப் பாக்கல. சாயங்காலம் தொறந்து பாத்தா அத்தினியும் றெக்கைய உதுத்துட்டு நிக்குதுங்க. இதுவும் ஆவாதுன்னு நீ அழுவியே, நீ வர்றதுக்குள்ள கோழி தின்னுடட்டும்னு சாய்ச்சி வெச்சேன்..." என்று சொல்லிக்கொண்டே போனாள்.

இசைவாணி மண்டியிட்டு உதிர்ந்த இறக்கைகளை விலக்கினாள். செத்தது நிறைய. ஆனால் உயிரோடும் இருந்தன. இறக்கையில்லாமல், ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி, மண்ணைத் தேடி ஜோடி ஜோடியாகப் பக்கெட்டின் அடியோரம் சுற்றிக்கொண்டிருந்தன. அதே புற்று, அதே சாயங்காலம். வருஷத்துக்கு வருஷம் கேலி பேசினாலும் தண்ணீர் ஊற்றாத அதே பக்கெட்.

"அம்மா, இதுதாம்மா. இதுதான் எனக்கு வேணும்" என்றாள். 

குப்பம்மாளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு கோழிகளை விரட்டினாள். அதே விரட்டில் மகளுக்கும் ஒன்று விழுந்தது: "எனக்குத்தான் மூளையில்ல. இருக்கறவ வாயத் தொறந்து சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா?" அது நியாயமாகவே பட்டதால் இசைவாணி வாங்கிக்கொண்டாள். சேரன் புற்றுமண் அள்ளிக்கொண்டு வந்தான். அம்மா கழுவிக் காயவைத்த டப்பாக்களையே எடுத்துவந்தாள். ஜோடி ஜோடியாகப் பொறுக்கி உள்ளே விட்டார்கள். இந்த முறை நகப்பூச்சை அம்மா பிடித்துக்கொள்ள, மகள் புள்ளி வைத்தாள்.

மூடப்போகும்போது குப்பம்மாள் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மருந்து என்ன அடிப்பது என்று கேட்காத ஒரே ஆளும் அவள்தான்.

"இதுக்குக் கண்ணு தெரியுமா?"

"இப்பத்திக்குத் தெரியும். உள்ள போயி இருட்டிலயே கெடந்தா, பாக்கற மூளை சுருங்கிப்போவும்னு நெனைக்கிறேன். அதத்தான் பாக்கணும்."

குப்பம்மாள் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தாள். அம்மாவும் அந்தப் பாழாய்ப்போன உவமையைத்தான் சொல்லப்போகிறாள் என்று இசைவாணிக்கு முன்கூட்டியே எரிச்சல் வந்துவிட்டது. அம்மா உவமை எதுவும் சொல்லவில்லை.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் தொறந்தே வையேன்" என்றாள். "வெளிச்சம் இருக்குதுல்ல."

ஆராய்ச்சி முறைப்படி நேற்று சாயங்காலமே இருட்டில் போட்டிருக்க வேண்டியவை. ஏற்கனவே ஒருநாள் தாமதம். இதற்கே வெங்கடாசலத்துக்கு விளக்கம் எழுதியாக வேண்டும். அதையெல்லாம் சொல்லத்தான் இசைவாணி வாயைத் திறந்தாள். பிறகு மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மேற்கே இருந்த வெளிச்சம் தீரும்வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.